கால் தரையைத் தொடுகிறதா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உடல்நலப் பகுதியில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டதால் முழுமையாகத் தருகிறோம்.)

தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், எஸ்.டி.பி. மோட்டார் என்று ஒன்றரை மணி நேரம் பேசி முடித்திருக்கிறோம். இப்போது காலை வைக்கும் பலகையைப் பற்றிப் பேசு என்று செயலாளர் சார் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பாதிப் பேருக்குக் காபி ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிகிறது. அதற்கு முன் ஒரே ஒரு வேலை. உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் முதுகு நன்றாகப் படும்படி பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். இப்போது கீழே பாருங்கள். இரண்டு பாதமும், குதிகால் உட்பட, தரையில் முழுசாகப் பதிந்திருக்கிறதா?

பதிந்தவர்கள் கை தூக்குங்கள். சரி. ஆண்களில் அநேகமாக எல்லோரும். பெண்களில் பாதிக்கும் குறைவு. முன் வரிசைப் பாட்டிகள் மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. கூட்டத்துக்காக ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இதே நிலையில் தினம் ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், வருடக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை என் காலை வைத்தே சொல்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறவள். என் உயரம் 4 அடி 11 அங்குலம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, உங்களில் பலரைப் போல நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரம் என்றார்கள். அப்புறம் அதுவே நிரந்தரமாகிவிட்டது. இப்போதும் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் வேலை. ஓ.எம்.ஆர்., மெப்ஸ், கிண்டி என்று வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த வளாகம் இது. ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலிலிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டோம். மேஜைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரு வருடத்தில் சாயங்காலமானால் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. கொலுசு போட்ட இடத்தில் தடம் பதியும். தொடையின் பின்புறம் மரத்துப் போகும். இடுப்பு வலி தனி. உப்பைக் குறைத்தேன். பி.பி., சுகர், தைராய்டு, கிட்னி எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி என்றார்கள். வயசாகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்புறம் முதுகுக்கு நல்லது என்று ஒரு விலை கூடிய சக்கர நாற்காலி வாங்கினேன். கழுத்துக்குத் தலையணை, இடுப்புக்கு முட்டு, எல்லாம் உண்டு. கால் வலி அதிகமானதுதான் மிச்சம்.

கடைசியில் இடுப்பு வலிக்காகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், வேலை செய்யும்போது உங்க கால் எங்கே இருக்கு?" எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். என் பெண் எடுத்தாள். அந்தப் போட்டோவில் என் இரண்டு காலும் நாற்காலியின் சக்கரத் தண்டில் குரங்கு மாதிரி தொற்றிக்கொண்டிருந்தன. தரையில் இல்லவே இல்லை.

கால் தொங்கினால் என்ன என்று கேட்கலாம். காலின் கனம் முழுவதும் தொடையின் அடிப்பக்கம், நாற்காலியின் முன்விளிம்பில் வந்து விழுகிறது. அந்த இடத்தில் ரத்தக் குழாயும் நரம்பும் போகின்றன. மரத்துப் போவது அதனால்தான். இன்னொன்று, நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது ஒரு கை பம்பு மாதிரி. அசையாமல் தொங்கும் காலில் அந்தப் பம்பு ஓடுவதில்லை. நீர் கணுக்காலில் தங்குகிறது. மூன்றாவது, கால் தரையைத் தேடும்போது நாம் நம்மை அறியாமல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவோம். அப்புறம் அந்த விலை கூடிய முதுகுச் சாய்மானம் யாருக்கு? என் இடுப்பு வலிக்குக் காரணம் இதுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1940-ல் லண்டனில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, மக்கள் பதுங்குமிடங்களில் துணி கட்டிய மடக்கு நாற்காலிகளில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். குண்டு படாமலேயே சிலர் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்துபோனார்கள். கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, அந்த நாற்காலியின் முன்பக்கக் கட்டை தொடையின் பின்புறத்தை மணிக்கணக்கில் அழுத்துவதைக் காரணமாகச் சொல்லி, அதே வருடம் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். 1954-ல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், விமானத்திலும் காரிலும் நீண்ட நேரம் உட்கார்ந்து பயணம் செய்தவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவதைப் பற்றி எழுதினார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உட்காரும் விதத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று கண்டுபிடித்த விளம்பரச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஏன் நமக்கு மட்டும் கால் எட்டுவதில்லை? கடையில் விற்கும் மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம், அதாவது முப்பது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல உயரமான ஆளுக்கு அது பொருந்தும். ஐந்தடிப் பெண்ணுக்குப் பொருந்தாது. மேஜைக்குத் தகுந்தபடி நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும். காலுக்குத் தகுந்தபடி இறக்கினால் தோள் தூக்கிக்கொண்டு கழுத்து வலிக்கும். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்துத் தனி நூலாக வெளியிட்டிருக்கிறது. டெப்குமார் சக்ரவர்த்தி தொகுத்தது. நம் அளவு இல்லாமல் இல்லை. அதைப் பார்த்து மேஜை செய்கிறவர்கள்தான் குறைவு.

நம் வீட்டுக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. ஆபீசில் செருப்போ ஷூவோ போட்டிருப்போம். அதுவே ஓர் அங்குல உயரம் தரும். வீட்டில் வெறுங்கால். ஆபீசில் சரியாக இருந்த அதே நாற்காலி உயரம், வீட்டில் ஓர் அங்குலம் அதிகமாகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போட்டோவைப் பார்த்த அன்றே ஆன்லைனில் ஒரு ஃபுட்ரெஸ்ட் ஆர்டர் போட்டேன். அளக்காமல் வாங்கினேன். நிறைய ஸ்டார் இருந்தது, அவ்வளவுதான். அரை நிலா வடிவ ஸ்பாஞ்ச். காலை வைத்ததும் பாதியாக அமுங்கிவிட்டது. சித்திரை வெயிலில் உள்ளங்கால் வேர்த்து வழிந்தது. திருப்பி அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக்கில் சாய்வாக ஒன்று வாங்கினேன். நம் வீட்டு டைல்ஸ் தரையில் அது காலடியில் வழுக்கிக்கொண்டே போனது. அதைத் துரத்திப் பிடிப்பதே வேலையாகிவிட்டது. அகலமும் போதாது. ஒரு பாதம் உள்ளே, ஒரு பாதம் வெளியே. அதனால் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். முதலில் அளவு, அப்புறம் கடை.

எப்படி அளப்பது? டேப் கூட வேண்டாம், பழைய பேப்பர் கட்டு போதும்.

வேலை செய்யும்போது காலில் என்ன இருக்குமோ அப்படியே உட்காருங்கள். வெறுங்கால் என்றால் வெறுங்கால். முதுகு சாய்மானத்தில் படட்டும். தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்குங்கள். முழங்கை கீபோர்டின் மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். காலை மறந்துவிடுங்கள். கைதான் முதலில். நாற்காலியின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள்.

இப்போது கால். தொங்குகிறதா? பேப்பர்காரருக்கு எடுத்து வைத்திருக்கும் பழைய பேப்பரைக் கட்டாகக் கட்டிக் காலுக்கு அடியில் வையுங்கள். தொடை தரைக்குச் சமமாக, அழுத்தம் இல்லாமல் இருக்கும்வரை அடுக்குங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விட்டால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிறகு கட்டின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு. எனக்கு 12 செ.மீ. வந்தது. என் கணவருக்கு அதே மேஜையில் பூஜ்யம். ஒரே வீடு, ஒரே மேஜை, இரண்டு கால்.

அந்தப் பேப்பர் கட்டை மூன்று நாள் அப்படியே உபயோகித்துப் பாருங்கள். சாயங்காலம் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். கால் ஏற்கெனவே தரையில் பதிகிறவர்கள் எதுவும் வாங்க வேண்டாம். தேவையில்லாத உயரம் முழங்காலைத் தூக்கி, இடுப்பை வளைத்துவிடும். நாற்காலியை இறக்கினாலே கையும் காலும் சரியாகிறது என்றால் அதுவே மேல், செலவும் இல்லை. அளவு 15 செ.மீ.க்கு மேல் போனால் தவறு மேஜையில் இருக்கிறது. கீபோர்டுக்குத் தட்டு பொருத்துவதோ, சொந்த மர மேஜையானால் காலைக் கொஞ்சம் அறுப்பதோ நல்லது.

வாங்குவது என்று முடிவானால் ஐந்து விஷயம் பாருங்கள். முதலாவது உயரம். உங்கள் அளவு அதன் ஏற்ற இறக்கத்துக்குள் வர வேண்டும். வீட்டில் இரண்டு பேர் ஒரே மேஜையில் வேலை செய்தால் உயரம் மாற்றக்கூடியது தேவை. இரண்டாவது பரப்பு. குறைந்தது 45 செ.மீ. அகலமும் 35 செ.மீ. ஆழமும் இருந்தால் இரண்டு பாதத்தையும் வைத்து, இடம் மாற்றி மாற்றி வைக்கலாம். மூன்றாவது சாய்வு. லேசான சாய்வு போதும், 10 முதல் 15 டிகிரி. பெடல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவது இன்னும் நல்லது. தையல் மெஷின் மிதித்த நம் அம்மாக்களுக்கு அந்த அசைவு தெரியும். கெண்டைக்கால் பம்பு அதில் ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது பிடிமானம். கீழே ரப்பர் இல்லாவிட்டால் நம் டைல்ஸில் நிற்காது. உங்கள் நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால், காலை அழுத்தும்போது நாற்காலியே பின்னால் ஓடும். அதையும் சோதித்துப் பாருங்கள். ஐந்தாவது மேற்பரப்பு. மசாஜ் ஆகும் என்று முள் முள்ளாக வைத்து விற்கிறார்கள். சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் பட்டாலும் தெரியாது. அவர்கள் வழவழப்பானதே வாங்க வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்கவும் வேண்டும். மேஜையிலிருந்து ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிடும் துணி வகையும் விற்கிறது. அது ஓய்வுக்கு. ஊன்றி உட்கார்ந்து வேலை செய்ய உதவாது.

இத்தனையும் பார்த்த பிறகு நான் எதுவும் வாங்கவில்லை. வீட்டு மணைப் பலகையை எடுத்தேன். பூஜைக்கும் பந்திக்கும் போடுவோமே, அதே மணை. அது 5 செ.மீ. உயரம்தான். தெருமுனைத் தச்சரிடம் என் அளவை எழுதிக் கொடுத்தேன். பழைய கதவுப் பலகையில், பின்பக்கம் 14, முன்பக்கம் 9 செ.மீ. உயரமாக, சாய்வாகச் செய்து, அடியில் பழைய சைக்கிள் டியூபை அறைந்து கொடுத்தார். 650 ரூபாய். பழைய மரச்சாமான் தேடுகிறவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அளவுச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

மூன்று வாரத்தில் தொடை மரத்துப்போவது நின்றது. கணுக்கால் வீக்கம் பெரும்பாலும் போய்விட்டது, முழுக்க இல்லை. பலகை மட்டும் போதாது என்று அப்போதுதான் புரிந்தது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்தே ஆக வேண்டும். தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைக்காமல் சமையலறையில் வைத்துவிட்டேன். தாகம் எடுத்தால் நடக்க வேண்டும். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுகிறேன்.

இன்னொன்றும் கவனமாகக் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம், வலி, சூடு, சிவப்பு வந்தால் பலகை தேடாதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு காலும் நாள்பட வீங்கியிருந்தாலும், முதலில் என்னைப் போல டெஸ்ட் எடுத்துவிட்டு அப்புறம் மேஜையைக் குறை சொல்லுங்கள். வயசானவர்கள் இருக்கும் வீட்டில், எழுந்ததும் பலகையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இருட்டில் இடறக் கூடாது. பரண் எட்டவில்லை என்று அதன் மேல் ஏறி நிற்கவும் கூடாது.

பிள்ளைகளையும் ஒரு நிமிடம் நினையுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள் ராத்திரி பதினோரு மணி வரை சாப்பாட்டு மேஜையில் காலைத் தொங்கவிட்டுப் படிக்கிறார்கள். ஒழுங்காக உட்கார் என்று அதட்டுகிறோம். கால் எட்டாத நாற்காலியில் எப்படி ஒழுங்காக உட்கார முடியும்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, பேப்பர் கட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

முடிக்கும் முன் ஒரு கோரிக்கை. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றம் 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தது. கேரளா 2018-லேயே செய்திருந்தது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்ற பெண்களுக்காக வந்த சட்டம். ஐரோப்பாவில் 1990-ல் வந்த விதி இன்னும் ஒரு படி மேலே. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் யார் கேட்டாலும் கால் வைக்கும் பலகை தரப்பட வேண்டும் என்கிறது அது. நம் ஊரில் இப்போதுதான் நாற்காலி வரை வந்திருக்கிறோம்.

போன வாரம் மெயின்டனன்ஸ் ரசீது வாங்க நம் ஆபீசுக்குப் போனேன். பில் போடும் பெண் என்னைவிட உயரம் குறைவு. மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். காலி மினரல் வாட்டர் கேனைப் படுக்க வைத்து, அதன் மேல் காலை வைத்திருக்கிறாள். உருண்டுகொண்டே இருக்கிறது. "பரவாயில்ல ஆன்ட்டி, பழகிடுச்சு" என்றாள். மெயின் கேட் செக்யூரிட்டி அண்ணன் ரோடு தெரிய வேண்டும் என்று உயரமான ஸ்டூலில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறார். காலை வைக்க ஒரு கம்பிகூட அதில் இல்லை. காலையில் ஷிப்ட் முடியும்போது ஷூவைக் கழற்றவே கஷ்டமாக இருக்கிறது என்கிறார். அந்த ஸ்டூலை வாங்க ஒப்புதல் கொடுத்த கமிட்டியில் நானும் ஒருத்தி. உயரத்தைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம். அவர் காலைப் பார்க்கவில்லை.

அதனால் கமிட்டியிடம் கேட்பது இதுதான். ஆபீசுக்கு ஒரு மரப்பலகை, அந்தப் பெண்ணின் அளவில். கேட் ஸ்டூலுக்கு ஒரு குறுக்குக் கம்பி வெல்டிங், அண்ணனை உட்கார வைத்து அளந்து. இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, லிஃப்ட்காரர் ஒரு முறை வந்து போகும் செலவைவிடக் குறைவு. அதோடு 5, 10, 15 செ.மீ. உயரத்தில் மூன்று மாதிரிப் பலகைகள் செய்து கிளப் ஹவுசில் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு தங்கள் அளவில் செய்துகொள்ளட்டும். அந்த மூன்று பலகையின் செலவு என்னுடையது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் யாராவது ஒருவரை மேஜையில் உட்கார வைத்து, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். முகம் வேண்டாம், கால் தெரிந்தால் போதும். இப்போது காபி சாப்பிடலாம்.

(பேச்சுக்குப் பின் நடந்த கலந்துரையாடலில் ஆபீஸ் பலகைக்கும் கேட் ஸ்டூல் வெல்டிங் வேலைக்கும் கமிட்டி ஒப்புதல் அளித்தது. மாதிரிப் பலகைகள் கிளப் ஹவுசில் உள்ளன. எடுத்துச் செல்பவர்கள் பதிவேட்டில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.)